ஆப்பமும் போண்டாவும்: மரக்காணத்தில் காலக்ஸி பார்த்த வருடங்கள்

போன மாதம் எங்கள் பழைய வானியல் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஆராய்ச்சி மாணவி. குரலில் மரியாதையும் அவசரமும் சரிபாதி.

"சார், மரக்காணம் செக்‌ஷன்ல காலக்ஸியெல்லாம் வகை பிரிச்சவர் நீங்கதானே? நிஜமாவே கண்ணாலதான் பாத்தீங்களா?"

"மூக்கால பாத்தோம்மா. உப்புக் காத்துல கண்ணைத் திறக்க முடியாது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாளோ என்று எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. பிறகு அவளே விளக்கினாள். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறதாம். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, நாங்கள் அந்தக் காலத்தில் பிரித்துவைத்த படங்களைக் காட்டினார்களாம். அதுவும் சமர்த்தாகப் படித்துத் தேறி, எங்களைப் போலவே பதில் சொல்கிறதாம். "உங்க ரிசல்ட்டோட ரொம்ப நல்லா ஒத்துப்போகுது சார்" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். எங்கள் பிரிவில் ஒத்துப்போவது என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. போனில் சொல்லி முடிகிற சமாசாரமும் இல்லை. எழுதித்தான் பார்க்கவேண்டும்.

முதலில் என்னைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஜோக் வரும். நான் வரவழைப்பதில்லை. விக்கல் மாதிரி அதுவே வரும். எழுபதுகளின் நடுவில், பௌதிகத்தில் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வானூரில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களைப் பார்த்ததுமே பயம் வந்துவிட்டது. "வானியலுக்கு எப்படி வந்தீங்க?" என்றார் ஒருவர். "வானூர்லருந்து பஸ்ல வந்தேன் சார்" என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்துவிட்டது. நான் உண்மையிலேயே கேள்வியைத் தப்பாகக் காதில் வாங்கினேன் என்பதை இன்றுவரை ஒருவரும் நம்பியதில்லை.

நிறுவனத்தின் தொலைநோக்கி ஒரு மலைமேல் இருந்தது. தலைமையகம் நகரத்தில் இருந்தது. எங்கள் பிரிவு மட்டும் மரக்காணத்தில், உப்பளங்களின் ஓரத்தில் காலியாகக் கிடந்த ஒரு பழைய பங்களாவில் இருந்தது. இதில் விஞ்ஞானக் காரணம் எதையும் தேடவேண்டாம். தலைமையகத்தின் கூரை ஒழுகியது. பழுது பார்த்து முடிக்கும்வரை என்று சொல்லி எங்களை இங்கே அனுப்பினார்கள். கூரை சரியாகிவிட்டது. எங்களைத் திரும்பக் கூப்பிடத்தான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வானத்தின் படங்களைப் பத்திரப்படுத்த அதைவிட மோசமான இடம் வேண்டுமென்றால் நேராகக் கடலுக்குள்தான் போகவேண்டும். உருப்பெருக்கி லென்ஸின் பித்தளை வளையம் பச்சை பூக்கும். இரும்பு பீரோவை இழுத்தால் கைப்பிடி மட்டும் கையோடு வரும். மழைக்காலத்தில் படங்களின்மேல் பூஞ்சை படரும். சில பூஞ்சைகள் நல்ல சுருள் காலக்ஸி மாதிரியே இருக்கும். வகை பிரித்துவிடலாமா என்று கை பரபரக்கும்.

பிரிவில் நாங்கள் மூன்று பேர். தலைவர் டாக்டர் நாகநாதன். தற்காலிக உதவியாளர்களாக நானும் அற்புதமேரியும். அவரை நான் மேரிக்கா என்பேன். மாதா கோயில் தெருவில் வீடு. கணக்கில் பட்டம் வாங்கியவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் ஒரு விபத்துக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கமுடியாமல் வீட்டோடு இருந்தார். இரண்டு பெண் குழந்தைகள். நான் வந்தபோதே மேரிக்கா பல வருடங்களாகத் தற்காலிகம். அடுத்த ஆண்டு அரசு வேலைக்கான வயது வரம்பைத் தாண்டிவிடுவார். தாண்டிவிட்டால் வேறெதற்கும் மனுப் போட முடியாது. பிரிவுக்கு நிரந்தரப் பணியிடம் ஒன்று வரப்போகிறது, ஒன்றே ஒன்று என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அது கிடைத்தால் மேரிக்கா தப்பித்தார். கிடைக்காவிட்டால் அதோடு முடிந்தது. இது எங்கள் இருவருக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரியும்.

காலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கூடி நிற்கிற பெருங்கூட்டம். தூரத்திலிருந்து படம் எடுத்தால் பொட்டு அளவுதான் இருக்கும். வெளிநாட்டில் ஒரு பெரிய தொலைநோக்கி எடுத்த வானப் படங்களின் பிரதிகள் எங்களுக்கு வரும். எல்லாம் நெகட்டிவ். வானம் வெள்ளையாகவும் நட்சத்திரம் கறுப்பாகவும் இருக்கும். வெள்ளை மேசையில் கடுகைச் சிதறவிட்ட மாதிரி. அந்தக் கடுகில் எது நட்சத்திரம், எது காலக்ஸி என்று முதலில் பார்க்கவேண்டும். நட்சத்திரத்துக்கு விளிம்பு வெட்டினாற்போல இருக்கும். காலக்ஸியின் விளிம்பு கரைந்துகொண்டே போகும். இதை ஒரு மாதம் பார்த்தேன். பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். டாக்டர் மாதிரிப் படங்களின் கட்டு ஒன்றைக் கொடுத்து, "பாத்துக்கிட்டே இருங்க, கண்ணு பழகிடும்" என்றார். பழகியது. ராத்திரி சாம்பாரில் மிதந்த கடுகையும் விளிம்பு பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

பிறகு வகை. ஈ என்றால் நீள்வட்டம். நீங்கள் நினைக்கிற ஈ இல்லை, ஆங்கில எழுத்து. கையும் கிடையாது, காலும் கிடையாது, நடுவில் அடர்த்தியாகத் தொடங்கி வெளியே போகப்போக மங்கிக்கொண்டே போகும். வட்டமாக இருந்தால் ஈ ஜீரோ. தட்டையாக ஆக ஆக எண் ஏறும், ஏழு வரைக்கும். எஸ் என்றால் சுருள். நடுவில் ஒரு மொத்தை, அதைச் சுற்றிக் கைகள். கை இறுக்கிச் சுற்றியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து அதிலும் உட்பிரிவு. நடுவில் ஒரு கட்டை குறுக்கே கிடந்து, அதன் இரண்டு முனையிலிருந்தும் கை கிளம்பினால் எஸ்.பி. இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் போலீஸ் ஞாபகம் வரும். எதிலும் சேராமல் தாறுமாறாகக் கிடந்தால் ஒழுங்கற்றது, இர்ரெகுலர். "நம்மள மாதிரி, டெம்ப்ரவரி" என்பார் மேரிக்கா.

கடைசியாக ஒன்று, எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. எஸ் ஜீரோ. சுருள் காலக்ஸி மாதிரியே நடுவில் மொத்தை, சுற்றிலும் தட்டு. ஆனால் தட்டில் கையே இருக்காது. வழவழவென்று இருக்கும். பக்கவாட்டில் இருந்து தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். நேர் மேலிருந்து தெரிந்தால் தொலைந்தோம். பந்தை மேலிருந்து பார்த்தாலும் வட்டம், தட்டை மேலிருந்து பார்த்தாலும் வட்டம். காலக்ஸியைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வழி கிடையாது.

இந்த எழுத்தும் எண்ணும் வாயில் நுழையாமல் நான் பலகாரப் பெயர்கள் வைத்திருந்தேன். ஈ ஜீரோ போண்டா. தட்டையானது மசால்வடை. சுருள் முறுக்கு. ஒழுங்கற்றது தூள் பக்கோடா. எஸ் ஜீரோவுக்கு ஆப்பம் என்று வைத்தது மேரிக்கா. நடுவில் தடிப்பு, சுற்றிலும் மெல்லிய தட்டு. அதைவிடப் பொருத்தமான பெயரை எந்த விஞ்ஞானியும் வைத்திருக்கமுடியாது. டீ நேரத்தில் எங்கள் இருவருக்கும் இடையே இதுதான் பாஷை. "காலையில ஒரே போண்டாவா வருதுப்பா, நெஞ்சைக் கரிக்குது" என்பார். டாக்டர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வோம்.

டாக்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். குரலை உயர்த்தாத மனிதர். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. கூர் சீவிய பென்சில்களை மேசை விளிம்புக்கு இணையாக அடுக்கிவைப்பார். ஒன்று கோணியிருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அதை நேராக்குவார். அவர் விதிகளைக் குறைசொல்ல முடியாது. எல்லாம் நியாயமானவை. முதல் விதி, கண். வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் பற்றி எரிகிற மாதிரி வெள்ளையாக ஒளிரும். அதைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு மங்கல் எதுவும் தெரியாது. அதனால் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம். வெளியே போய்வந்தவர்கள் இருட்டுச் சுவரைப் பார்த்துப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து, கண் அடங்கிய பிறகுதான் மேசைக்கு வரலாம். கழிப்பறைக்குப் போய்வந்தாலும் பெஞ்சுதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த என்னை ஒருமுறை தபால்காரர் பார்த்துவிட்டு, "இன்னா சார், வீட்டுப்பாடம் எழுதலியா?" என்று கேட்டார்.

இரண்டாவது விதி, சார்பின்மை. மேரிக்காவும் நானும் முதுகு காட்டி உட்காருவோம். ஒரே படத்தை இருவரும் தனித்தனியே பார்க்கவேண்டும். பேசக்கூடாது. என்ன வகை என்று சீட்டில் எழுதி, மடித்து, பிஸ்கட் டப்பாவில் போடவேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒரே பதில் வந்தால்தான் அது பதில். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! சனிக்கிழமை டாக்டர் டப்பாவைத் திறப்பார். அவரும் தனியே பார்த்துவைத்திருப்பார். பதில் அவருடையதோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தப் படத்தை எடுத்துவந்து மேசையில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மறுபடி பாருங்களேன்" என்பார். திட்டமாட்டார். தப்பு என்று சொல்லமாட்டார். மறுபடி பாருங்களேன், அவ்வளவுதான்.

ஒத்துப்போனவரிடம் அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஒத்துப்போனதும் தப்பாக இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மறுபடி பார்க்கச் சொன்னால் என் கண்ணுக்குக் காலக்ஸி தெரியாது, கண்ணாடி கழற்றிய டாக்டரின் முகம்தான் லென்ஸுக்குள் தெரியும். சில மாதங்களில் எங்கள் கண்ணைவிட டாக்டரின் கண் எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது. சனிக்கிழமை தகராறுகள் குறைந்தன. "நீங்க ரெண்டு பேரும் தேறிட்டீங்க" என்றார் டாக்டர். மனமாரத்தான் சொன்னார். அவரை அயோக்கியர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவர் அப்படி இல்லை.

மேரிக்கா மட்டும் மறுபடி பார் என்றால் நிஜமாகவே மறுபடி பார்ப்பார். வளையத்தைத் துடைத்து, மூச்சை அடக்கி, விளிம்பிலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து விளிம்புக்கும் லென்ஸை நகர்த்திப் பார்ப்பார். தப்பு என்று பட்டால் மாற்றுவார். படாவிட்டால், "அதேதான் சார்" என்பார்.

நிரந்தரப் பணியிடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க நிறுவனத்தின் இயக்குநரே வருவதாகத் தகவல் வந்தது. ஒரு முற்பகலில், பாண்டிச்சேரியில் ஏதோ கூட்டத்தை முடித்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. உப்பளத்து வெயிலிலிருந்து நேராக உள்ளே வந்தவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை, டாக்டருக்கும்கூட. லென்ஸில் கண்ணை வைத்தார். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. "பியூட்டிஃபுல்" என்றார்.

அப்புறம் எங்கள் முறை. டாக்டர் ஒரு படத்தை எடுத்துவைத்தார். அது அவருடைய சொந்த ஆராய்ச்சியில் இருந்த காலக்ஸித் திரளின் படம். அந்தத் திரளின் நடுவில் இருக்கும் பிரகாசமான காலக்ஸிகள் எல்லாமே நீள்வட்டம், அதாவது ஈ, என்பது அவருடைய கட்டுரையின் கருத்து. கட்டுரை அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. நடுவில் இருந்த வட்டமான ஒன்றைப் பென்சில் முனையால் காட்டினார்.

மேரிக்கா முதலில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எஸ் ஜீரோ சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடி பாருங்களேன்."

மறுபடி பார்த்தார். "எஸ் ஜீரோதான் சார். மங்கறது ஒரே சீரா மங்கல. நடுவுல ஒரு எடத்துல படி மாதிரி நிக்குது, அப்புறம் மங்குது. தட்டு இருக்குது சார்."

"நடுப்பகுதி கறுத்துப் போயிருக்கு. படியெல்லாம் தெரியறதுக்கு வாய்ப்பில்ல" என்றார் டாக்டர் மென்மையாக.

"இது சிவப்பு ஒளியில எடுத்தது சார். இதே எடத்துக்கு நீல ஒளியில எடுத்த படம் ஒண்ணு பீரோவுல இருக்குது. அதுல நடுவுல இவ்ளோ கறுப்பு ஏறியிருக்காது. எடுத்தாரட்டுமா?"

"இப்ப அது தேவையில்லைம்மா."

இயக்குநர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் கோணலே இல்லாத ஒரு பென்சிலை நேராக்கினார்.

"சேகர், நீங்க?"

நான் குனிந்தேன். என் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் மேசை ஆடி, மேசையோடு காலக்ஸியும் ஆடியது. மேசையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பார்த்தேன். டாக்டரின் முகத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். மேரிக்கா சொன்ன படி அங்கே இருந்தது. மிக மெல்லியது, ஆனால் இருந்தது. என் மனசில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. எஸ் ஜீரோ என்று சொல்லிவிட்டால் எனக்கும் வேலை போகும். போகட்டும், இருவராகச் சொன்னால் ஒருவேளை பீரோவைத் திறப்பார்கள். இவ்வளவையும் யோசித்து, நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்தேன்.

"ஆப்பம் சார்" என்றேன்.

இயக்குநர் ஒரு வினாடி விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அந்தப் பங்களாவில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்பு சுவர்கள் கேட்டிருக்காது. "ஆப்பமா! ஆப்பமா!" என்று தொடையைத் தட்டினார். கண்ணில் நீர். டாக்டரின் முகத்திலும் ஒரு நிம்மதியான புன்னகை வந்தது.

"சேகர் எப்பவும் இப்படித்தான் சார், விளையாட்டுப் பிள்ளை. வட்டமா இருக்குன்னு சொல்றார்" என்றபடி என் பெயருக்கு நேரே ஈ ஜீரோ என்று எழுதினார்.

"இல்ல சார், ஆப்பம்னா வட்டம்னு இல்ல சார், நடுவுல தடிப்பா..."

"தேங்காய்ப்பால் ஊத்தணும்!" என்றார் இயக்குநர். மறுபடி சிரிப்பு. நான் கையை ஆட்டி, "சார், நிஜமா சார், அது போண்டா இல்ல சார்" என்றேன். அதோடு இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உதவிக்கு வந்த வாய்க்கொழுப்பு அத்தனையும் ஆப்பத்தை எடுத்து ஆப்பாகச் செதுக்கி வைத்தது, எனக்கல்ல, மேரிக்காவுக்கு.

அவர்கள் சாப்பிடப் போனதும் மேரிக்கா என்னைப் பின்கட்டில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, நீ இன்னா பாத்த?"

"ஆப்பந்தான்கா. அதத்தானே சொன்னேன்."

"எனக்குப் புரிஞ்சுது. அவங்களுக்கு? எஸ் ஜீரோன்னு சொல்லத் தெரியாதா உனக்கு? வாயில இன்னா, மாவா கரைச்சு வச்சிருந்த?"

"நடுங்கிடுச்சுக்கா."

"நடுங்கினா மத்தவங்களுக்குப் பேச்சு வராது. உனக்கு டிபன் வருது!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "போய்ச் சொல்லுப்பா" என்றார். "எனக்கோசரம் வேணாம். பாத்ததைச் சொல்லு."

போனேன். இயக்குநர் கிளம்பிய பிறகு டாக்டரின் மேசைக்கு முன்னால் நின்று, பலகாரம் எதுவும் கலக்காமல் சொன்னேன். "சார், நான் சொன்னது எஸ் ஜீரோ. நானும் அந்தப் படியைப் பாத்தேன். தயவுசெஞ்சு மாத்தி எழுதிக்குங்க சார்."

டாக்டர் என்னைக் கனிவோடு பார்த்தார். எனக்கு இன்றும் கோபம் வருவது அந்தக் கனிவை நினைத்துத்தான்.

"நீங்க நல்லவர் சேகர். அவங்க குடும்ப நிலைமை எனக்கும் தெரியும். அதுக்காகப் பாக்காததைப் பாத்ததாச் சொல்லக்கூடாது. விஞ்ஞானத்துல இரக்கத்துக்கு இடம் இல்ல."

"பாத்தேன் சார். இப்ப வேணா நீலப் படத்தை எடுத்து..."

"போய் வேலையைப் பாருங்க. உங்களை நான் தப்பா எடுத்துக்கல."

ஜோக்காகச் சொன்னபோது ஒத்துப்போகிறவன் ஆனேன். ஜோக் இல்லாமல் சொன்னபோது நல்லவன் ஆனேன். காலக்ஸியைப் பார்த்தவனாக மட்டும் என்னால் ஆகமுடியவில்லை. மேரிக்காவிடம் ஜோக்கும் இல்லை, குழைவும் இல்லை. ஆகவே அவர் வாதம் செய்கிறவர் ஆனார்.

உத்தரவு வந்தது. எனக்கு நிரந்தரம். மேரிக்காவின் தற்காலிகப் பணி நீட்டிக்கப்படவில்லை. வகைப்படுத்துவதில் ஒருசீர்மை போதாது என்று ஒற்றை வரியில் காரணம் போட்டிருந்தார்கள். கடைசி நாளன்று மாலை அவர் தன் லென்ஸின் வளையத்தைத் துடைத்து, துணியில் சுற்றி, என் மேசையில் வைத்தார். "தெனமும் துடைச்சு வை. இல்லாட்டி பச்சை பூத்துடும்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வேணாம்பா, இன்னிக்கு ஒண்ணும் சொல்லாத" என்று குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். உப்பளத்து வரப்பில் அவர் போவதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். பிறகு பெஞ்சில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அன்றைக்குக் கண் அடங்க நேரமாயிற்று.

அப்புறம் முப்பது வருடங்களுக்கும் மேல் நிரந்தரமாக இருந்தேன். பதவி உயர்வு வந்தது, நகரத்துக்கு மாற்றல் வந்தது, பணி ஓய்வின்போது சால்வை வந்தது. பிரிவு உபசார விழாவில் பேசியவர்கள் எல்லாரும் என் நகைச்சுவை உணர்வைத்தான் புகழ்ந்தார்கள். கேட்கும்போது உடம்பு கூசியது.

அந்தக் காலக்ஸியின் கதை மட்டும் பாக்கி. மேரிக்கா போன மறுவருடம், மலைமேலிருந்த தொலைநோக்கியில் அதே திரளைக் குறைந்த நேரத்துக்குத் திறந்து படம் எடுத்தார்கள். நடுப்பகுதி கறுத்துப் போகாமல் வந்தது. அந்தப் படத்தின் கருமையைப் புள்ளி புள்ளியாக அளந்து, காகிதத்தில் கோடு போடும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. ஈ வகையாக இருந்தால் கோடு மணல்மேடு சரிவதுபோல ஒரே வளைவாக இறங்கவேண்டும். வந்த கோடு பாதி இறங்கி, தோள்பட்டை மாதிரி ஓரிடத்தில் நின்று, பிறகு இறங்கியது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிகிற தோள். எஸ் ஜீரோ.

டாக்டர் அதை மறைக்கவில்லை. கட்டுரையில் திருத்தம் சேர்த்து உடனே அனுப்பினார். பிறகு என் மேசைக்கு வந்து, கோடு போட்ட காகிதத்தை விரித்துக்காட்டி, வெட்கத்தோடு சிரித்தார்.

"உங்க ஆப்பம் சரியாத்தான் போச்சு சேகர்."

"மேரிக்கா சொன்னாங்களே சார்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். நடிக்கவில்லை. உண்மையிலேயே யோசித்தார்.

"அவங்க வாதம்தானே பண்ணாங்க?" என்றார்.

"திருப்பிக் கூப்பிட முடியாதா சார்?"

"வயசு தாண்டிடுச்சே." காகிதத்தைச் சுருட்டிக்கொண்டார். "ரூல்ஸ்ல இடமில்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் தெருவுக்குப் போனேன். வழிநெடுக எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். மூன்றிலும் ஒரு ஜோக் வந்து நின்றது. பூசை முடிந்து வந்த புடவையோடு மேரிக்கா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில், ஆசிரியை விடுப்பில் போனால் மட்டும் கூப்பிடுகிற வேலை கிடைத்திருந்தது.

"வாப்பா, நிரந்தரம்" என்றார்.

"அது எஸ் ஜீரோதான்கா. மலையிலருந்து கோடு போட்டு வந்துடுச்சு. டாக்டரே திருத்திட்டாரு."

அரிவாள்மணை நின்றது. "கோட்டுல படி இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"நான் பாத்த எடத்துலயேவா? நடுவுலருந்து பாதித் தூரத்துல?"

"அதே எடம்."

ஒரு நொடி அவர் முகத்தில் பழைய மேரிக்கா வந்தார். மூச்சை அடக்கி லென்ஸில் குனிகிறவர். "நீலப் படத்தைத் தெறந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். "யாரு பாத்ததுன்னு போட்டாங்க?"

நான் குடையைக் கைமாற்றிப் பிடித்தேன். அவர் மீனைத் திருப்பிப் போட்டார்.

உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலாக அவர் கணவரின் குரல் வந்தது. "யாரும்மா அது?"

"ஆபீஸ்லருந்து சேகரு. நான் சொன்னதுதான் சரின்னு சொல்ல வந்திருக்குது."

"வேலைக்கு ஆர்டர் எடுத்தாந்திருக்குதா?"

மேரிக்கா என் கையைப் பார்த்தார். கையில் குடை மட்டும்தான் இருந்தது.

"இல்ல" என்றார்.

உள்ளே அவர் கணவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.